மஞ்சள் சார்ட் கையிருப்பு

என் மாமா வியாபாரத்துக்கென்றே பிறந்தவர் என்பதில் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத்தான் சந்தேகம் இருந்ததில்லை. அந்த ஒருவர் மாமாதான். திருமங்கலத்தில் ஜூஸ் கடை வைத்தார். அந்த வருடம் சித்திரையிலும் விடாமல் மழை பெய்தது. செல்போன் கவர் விற்றார். அவர் வாங்கி அடுக்கிய மாடல் போனை ஊரில் யாரும் வாங்கவில்லை. கடைசியாகப் பழங்காநத்தத்தில், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே, ஜெராக்ஸ் மெஷினோடு ஒரு ஸ்டேஷனரி கடை திறந்தார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. முப்பது வயது முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம், "மாப்பிள்ளை இப்ப என்ன செய்யிறாரு?" என்று கேட்டார்களாம். அந்த 'இப்ப'தான் காரியத்தைக் கெடுத்தது. இந்தக் கடையாவது நிலைத்தால்தான் பெண் அமையும் என்று அம்மா சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அப்பா சாமியை நம்புகிறவர். மாமாவை அவ்வளவாக நம்பமாட்டார்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. அந்த வருடம்தான் எங்களுக்கு அறிவியலுக்குப் புது டீச்சர் வந்தார். ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். முதல் நாளே பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, செய்தித்தாளில் வந்த வைகை அணை நிலவரத்தை வாசிக்கச் சொன்னார். நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு.

"இந்த மூணு வார்த்தை புரிஞ்சிருச்சுன்னா ஊரு உலகத்துல பாதி புரிஞ்ச மாதிரி" என்றார்.

அடுத்த வாரம் வட்டம் போடக் கற்றுக்கொடுத்தார். ஒன்று கூடினால் இன்னொன்று கூடும். அது சுற்றி வந்து முதலில் இருந்ததையே மறுபடி கூட்டும், அல்லது குறைக்கும். அம்புக்குறி போட்டு அம்புக்குறி போட்டு எங்கள் நோட்டெல்லாம் முள்வேலி மாதிரி ஆனது. அதற்கடுத்த பாடம் தாமதம்.

"பசியோட புரோட்டாக் கடையில உக்காருறோம். நாலு தின்னாச்சு. வயிறு நெறஞ்சிருச்சு, ஆனா அது நமக்குச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள இன்னும் ரெண்டு சொல்லிர்றோம்ல? எந்திரிக்க முடியாம எந்திரிப்போம் பாருங்க, அதுக்குப் பேருதான் தாமதம்."

அப்படி ஒரு பாடத்தை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. வகுப்பே டீச்சர் பக்கம் சாய்ந்துவிட்டது.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு கண்காட்சி அறிவித்தார். மூன்று செக்‌ஷன் பிள்ளைகளும் ஆளுக்கொரு வட்டம் வரைந்து மாட்ட வேண்டும். பச்சைச் சுவரில் எடுப்பாகத் தெரியும் என்பதால் எல்லோரும் மஞ்சள் சார்ட்டில் வரைய வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் எதிரே இருந்த கடையின் கையிருப்பை விசாரிக்கவில்லை. மாமாவிடம் இருந்ததே இருபது மஞ்சள் சார்ட்.

பள்ளி விட்டதும் முதல் ஆளாக ஓடிப்போய் மூன்று எடுத்துக்கொண்டேன். ஒன்று வரைய, இரண்டு அது கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று. வெளியே வந்தபோது என் தோழி எதிரே வந்தாள். "இருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்ற மிதப்பில், "என்னமோ கொஞ்சந்தான் கெடக்கு. நான் வேணா மாமாகிட்ட சொல்லிப் பாக்குறேன்" என்றேன்.

அவள் அம்மா அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் கடை வாசலில் ஸ்கூட்டர்கள் நிற்க இடமில்லை. ஒன்று தேவைப்பட்டவர்கள் நான்கு கேட்டார்கள். மாமா வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

உடனே மாசி வீதி மொத்தக் கடைக்குப் போன் போட்டார். "அண்ணே, மஞ்சள் சார்ட்டு நூறு." வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மறுநாள், முந்தின நாள் இல்லையென்று திரும்பிப் போனவர்களே மறுபடி வந்து கேட்டார்கள். மாமா அவர்களைப் புது ஆட்களாக எண்ணிக்கொண்டு இன்னொரு நூறு சொன்னார். மூன்றாம் நாளும் அதே ஆட்கள் வந்தார்கள், கொஞ்சம் கோபமாக. வேறொரு கடையில் மூன்றாவது நூறு சொன்னார்.

"எதுக்குடா இம்புட்டு?" என்று அம்மா கேட்டார்.

"அக்கா, ஒனக்கு யாவாரம் தெரியாது" என்றார் மாமா.

நான்காம் நாள், சார்ட் கிடைக்காதவர்கள் வெள்ளையிலேயே வரையலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மூன்று இருந்ததே, அதனால் அந்த அறிவிப்பு என் காதில் விழவேயில்லை.

கண்காட்சியில் என் சார்ட் மல்லிகைப் பூவைப் பற்றியது. பூ விலை ஏறினால் திருமங்கலம் பக்கத்தில் எல்லோரும் மல்லிகை நடுகிறார்கள். செடி வளர்ந்து பூக்க நாளாகிறது. பூக்கும்போது எல்லோர் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் பூத்து விலை விழுகிறது. வந்த பெற்றோர்களிடம் குச்சியால் தொட்டுக்காட்டி, "இவர்கள் தாமதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நடுகிறார் என்பதையும் பார்க்கவில்லை" என்று வருத்தத்தோடு விளக்கினேன். எனக்கு முதல் பரிசு.

பரிசை வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஜன்னல் வழியே எதிர்க்கடை தெரிந்தது. லோடு ஆட்டோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் மஞ்சளாகக் கட்டுகள் இறங்கின. ஒரு கட்டு, இரண்டு கட்டு, மூன்று கட்டு. மாமா இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கும் சரக்கு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அதன்பிறகு மஞ்சள் சார்ட் கேட்டு ஒருவரும் வரவில்லை. எங்கள் வீட்டு அலமாரித் தட்டுகளுக்கு மஞ்சள் விரிப்பு வந்தது. என் நோட்டுகளுக்கு மஞ்சள் அட்டை. சாப்பிட உட்கார்ந்த அப்பா, "மாப்ள, கடைக்கு வெள்ளையடிக்கிற செலவு மிச்சம். பேசாம சார்ட்டை ஒட்டி விட்ரு" என்றார். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். "கடையை எடுத்துருவோம்க்கா" என்று கொல்லைப்பக்கம் நின்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா அழுதார்.

எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து, "டீச்சர், இன்னொரு கண்காட்சி எப்ப?" என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன்.

அன்று மாலையே டீச்சர் கடைக்கு வந்தார். கட்டுகளைப் பார்த்தார். என்றைக்குச் சொன்னீர்கள், எத்தனை சொன்னீர்கள், என்றைக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திட்டப்போகிறார் என்று மாமா குனிந்த தலையோடு பதில் சொன்னார்.

"தப்பு என்மேலதான் சார். நூத்தி இருபது பிள்ளைகளை ஒரே நாள்ல ஒரே கலரு கேட்க விட்டது நான். இதைப் பாடமா வேற நடத்துறேன்! வாராவாரம் வெள்ளிக்கிழமை இருபது சார்ட்டு நான் எடுத்துக்கிறேன்."

எங்கள் தெருவில் கடைக்காரரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் மட்டும் சார் என்றார். ஒத்தக்கடைப் பக்கம் அப்படி மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடியே வந்தார். எங்களுக்குத்தான் கஷ்டம். குழு வேலை, தேர்வு, வீட்டுப்பாடம் எல்லாம் மஞ்சள் சார்ட்டில். வெள்ளிக்கிழமைகளில் மாமா இஸ்திரி போட்ட சட்டை போட ஆரம்பித்தார். கடையை எடுக்கும் பேச்சு நின்றது. அப்பாகூட, "பய திருந்திட்டான்" என்றார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது ஓர் இருப்பை ஆறு வாரம் அளந்து வரைபடம் போட வேண்டும். மற்றவர்கள் அரிசி டின், சிலிண்டர் என்று எடுத்தார்கள். நான் மாமா கடை மஞ்சள் சார்ட்டை எடுத்தேன். சனிக்கிழமைதோறும் மாமா சாப்பிடப் போகும் நேரத்தில் எண்ணினேன். நூறு. அடுத்த வாரம் எண்பது. பிறகு அறுபது. பிறகு நாற்பது. வாரம் இருபது வெளியேற்றம், கோடு போட்ட மாதிரி இறங்கியது.

ஐந்தாம் வாரம் எண்ணினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பது. ஆறாம் வாரமும் நாற்பதுதான். அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் டீச்சர் இருபது வாங்கிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். வேறு வழியில்லாமல், 'எண்ணியதில் பிழை இருக்கலாம்' என்று அடியில் எழுதி நோட்டை நீட்டினேன்.

டீச்சர் கடைசி இரண்டு நாற்பதையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வெளியேற்றம் நிக்கல. மட்டமும் எறங்கல. அப்ப?"

"நான் தப்பா எண்ணிட்டேன் டீச்சர்."

"மேல எங்கயோ மழை பெஞ்சிருக்கும் போல" என்றார்.

"கடைக்குள்ள எப்படி டீச்சர் மழை பெய்யும்?"

சாக்பீஸ் கையால் வாயை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டார். தப்பான கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியது அதுதான் முதல் தடவை.

அன்று வெள்ளிக்கிழமையும் இல்லை. ஆனால் மாலையில் டீச்சர் கடைக்கு வந்துவிட்டார். நான் உள்ளே பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

"சார், கடைசியா மஞ்சள் சார்ட்டு எப்ப வாங்குனீங்க?"

மாமாவுக்குக் காது சிவந்தது. தெரியாமல் ஜெராக்ஸ் மெஷினில் கையை ஊன்றி எதையோ அழுத்திவிட்டார். அவருடைய ஐந்து விரலும் பதிந்த காகிதம் ஒன்று வெளியே வந்தது.

மாமா மாட்டிக்கொண்டார், மறுபடி கடைக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றியது. குறுக்கே பாய்ந்தேன். "எங்க மாமா வாங்கவே இல்ல டீச்சர்! வீட்டுல எல்லாரும் வைஞ்சப்பறம் மஞ்சள் சார்ட்டைத் தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காரு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்!"

டீச்சர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்து ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார்கள். "நீ வீட்டுக்குப் போத்தா, நான் வாரேன்" என்று மாமா என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். நான் தப்பாக எண்ணியதற்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"யாரு யாரு? ரெண்டு பேருமேவா சிரிச்சாங்க?" என்றார் அம்மா. அடுப்பை அணைத்தார். ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு, போனோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஆவணியில் டீச்சர் எனக்கு அத்தையானதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கணக்கு அப்பா வரைக்கும் போகிற அளவுக்குப் பெரிய தப்பு என்பதுதான். அவர் வருவதற்குள் நோட்டை எடுத்தேன். கடைசி இரண்டு நாற்பதையும் ரப்பரால் நன்றாக அழித்துவிட்டு, இருபது, பூஜ்யம் என்று சரியாக எழுதி வைத்தேன்.