திங்கட்கிழமைப் படித்துறையில் கோழிக்கழிவு

திங்கட்கிழமை என்றாலே எனக்குப் படபடப்பு. இந்த வாரத்தையாவது நிதானமாகத் தொடங்கலாம் என்று, ஆபீஸ் பஸ் வருவதற்கு முன்னால் முக்கூடல் ஆற்றுப் படித்துறையில் போய்க் கால் நனைத்து உட்கார்ந்தேன். நல்ல காற்று. காலைச் சுற்றிக் குட்டி மீன்கள்.

பைக்கில் ஒருவர் வந்தார். பின்னால் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து ஆற்றுக்குள் கொட்டினார். அத்தனையும் கோழிக்கழிவு. குடலும் இறகும் மிதந்து வந்து என் காலில் ஒட்டின. காலை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணாச்சி, ஊரே குடிக்கிற தண்ணில கொட்டுதீங்களே?"

"தண்ணி ஓடுதுல்லாம்மா. பையப் பைய கீழ அங்கன போயிரும்."

"அங்கன இருக்கவங்க குடிக்க மாட்டாங்களா? உங்க வீட்டுலயும் இதைத்தான குடிக்கீங்க?"

"நாங்க கேன் தண்ணிலா வாங்குதோம்."

சொல்லிவிட்டு, சாக்கை அதே ஆற்றில் அலசினார். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். "நல்லா எடுத்துக்கிடுங்க" என்று திரும்பி நின்று முகத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

ஆபீஸில் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கால் கழுவினேன். நாற்றம் போகவில்லை. மதியம் சோறு இறங்கவில்லை.

அந்தக் கேன் தண்ணீரை எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்று அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?