முப்பது சதவீத மழை

வானிலைப் படம் பார்க்கத் தெரியும் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒருவரும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. மழை வருமா என்றுதான் கேட்கிறார்கள். வந்தால் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்கிறார்கள். வராவிட்டால், துவைத்த துணியை வீட்டுக்குள் காயப்போட்டு நாறிப்போன பழியை என் தலையில் போடுகிறார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எனக்கு ஈரப்பதம் பார்க்கிற வேலை. காற்று வறண்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடினால் உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். வெளியே காற்று எப்படி மாறப்போகிறது என்று தெரிந்தால் உள்ளே மிஷினை முன்கூட்டியே சரிசெய்துவிடலாமே என்று கைப்பேசியில் வானிலைப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எட்டிப் பார்த்த என் மனைவி, புள்ளி வைக்காமல் கோலம் போட்டது யார் என்று கேட்டாள். அவை காற்றழுத்தக் கோடுகள். நெருக்கமாக இருந்தால் காற்று வேகமாக அடிக்கும்; விலகி இருந்தால் இலை அசையாது. கோடு வட்டமாக வளைந்து உள்ளே போகப் போக எண் குறைந்தால் அங்கே காற்றழுத்தத் தாழ்வு. அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் குடை எடுக்கலாம். இதையெல்லாம் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். மழைக்குப் படத்தில் அடிக்கிற நிறத்தை அப்படியே நம்பக் கூடாது என்று கற்றுக்கொள்ளத்தான் ஒரு ஆடி மாதம் முழுக்கத் தேவைப்பட்டது.

அந்த ஆடியில் படத்தில் தினமும் எங்கள் ஊர் மேல் கருநீலம். நானும் தினமும் குடையோடு வேலைக்குப் போனேன். வெறும் காற்றுதான் அடித்தது, முகத்தில் நாலு தூறல் விழுந்தது, அவ்வளவுதான். ஆலையில் என்னைக் குடைக்காரர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகுதான் விஷயம் விளங்கியது. கணினி நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம் அடிக்கிறது. எங்களுக்கு மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அவர்களும் நாங்களும் ஒரே கட்டம். அங்கே கொட்டுகிற மழையை எங்கள் இலையிலும் பரிமாறிவிட்டதாக அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த அரைகுறை ஞானத்தோடு நான் இருந்தபோதுதான் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஆவணியில் முகூர்த்தம். காலையில் தாலி கட்டுவது ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தில். சாயங்கால வரவேற்பை மட்டும் சேத்தூரில் இருக்கிற மாந்தோப்பில்தான் வைக்க வேண்டும் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாள். அது அத்தான் போட்ட தோப்பு. ஒவ்வொரு கன்றையும் தன் கையால் நட்டு வளர்த்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். நகை வேண்டும், புடவை வேண்டும் என்று வாயைத் திறக்காத பிள்ளை, "அப்பா இருக்கிற எடத்துல செத்த நேரம் நிக்கணும், அம்புட்டுத்தான்" என்றது. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? அக்காவால் முடிந்தது. ஆவணிச் சாயங்காலம் மலையிலிருந்து இடியும் மழையும் இறங்கும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நனைந்த கோழியாக நிற்க முடியாது, வரவேற்பும் மண்டபத்திலேயே என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

பஞ்சாயத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியத்தான் வீட்டில் கூடியது. பெரியத்தான் என்றால் அத்தானின் அண்ணன். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்பா ஸ்தானத்தில் இருந்து முடிவு சொல்ல வேண்டியவர். தாய்மாமன் என்கிற மரியாதையில் எனக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். மழை எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். முப்பது சதவீதம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. முப்பதுன்னா ஃபெயிலு. மழை கெடையாது, தோப்புலயே வச்சுக்கிடுங்க" என்றார்.

பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. மழை பரீட்சை எழுதவில்லை என்று பொறுமையாக விளக்கினேன். இதே மாதிரி பத்துச் சாயங்காலம் வந்தால் அதில் மூன்றில் மழை பெய்யும், ஏழில் பெய்யாது, நமக்கு வாய்க்கப்போவது எது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் முப்பது சதவீதம் என்றேன். இவ்வளவு தெளிவாக நான் என் வாழ்நாளில் எதையும் விளக்கியதில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அக்கா மட்டும் ஆட்டவில்லை.

"ஏலே, எம் மகளுக்கு ஒரு கல்யாணந்தான். பத்தா பண்ணப் போறேன்?" என்றாள்.

பெண்ணின் முகம் மறுபடியும் சுருங்கியது. இன்னும் நாள் இருக்கிறது, பார்த்துச் சொல்லலாம் என்று கூட்டம் கலைந்தது.

அடுத்து வந்த நாள்களில் பெரியத்தான் காலையிலேயே போன் போட்டு மார்க் கேட்பார். நாற்பதுக்கு ஏறினால் டியூசன் வைத்திருக்கிறான் போல என்பார். இருபதுக்கு இறங்கினால், நான் அன்றைக்கே சொன்னேன் அல்லவா என்பார். போதாக்குறைக்குப் படம் ஒன்றல்ல. ஐரோப்பாக்காரர்கள் கணித்தது ஒன்று, அமெரிக்காக்காரர்கள் கணித்தது ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் கொஞ்சம் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் உட்கார்ந்து தலையைச் சொறியலாம். ஒன்றில் தோப்பு நனைந்தது, மற்றதில் காய்ந்து கிடந்தது. இதை நான் அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு ஜோசியக்காரர்கள் இரண்டு பலன் சொன்னால் பரிகாரமாவது கேட்கலாம், உன்னிடம் அதுவும் கிடையாது என்று வைதாள்.

ஒரு சாயங்காலம் நான் ஆலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அக்கா மகள் வந்து நின்றாள். இவளும் ஆரம்பிக்கப் போகிறாள் என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

"மாமா, வருமான்னு நான் கேக்கல. வந்துச்சுன்னா எம்புட்டு நேரம் பெய்யும்?" என்றாள்.

இத்தனை பேரில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. படம் பார்க்கிறவன் என்று பேர் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை. வருமா வராதா என்பதில் திக்கித் திணறுகிற படம், வந்தால் எவ்வளவு நேரம் என்பதை ஓரளவு சொல்லும். உயரத்தில் அடிக்கிற காற்றின் படத்தைத் திறந்தேன். அதில் அம்பு அம்பாக இருக்கும். வாலில் இறகு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வேகம். மலையிலிருந்து கிழக்கே பாய்கிற அம்புகளில் இறகு நிறையவே இருந்தது. மழைப் படத்தை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன். சாயங்காலம் மலையடிவாரத்தில் ஒரு திட்டு. அடுத்த படத்தில் அது எங்களைத் தாண்டிப் போயிருந்தது. வங்கக் கடலிலும் வட்டக் கோடு எதுவும் இல்லை. வந்தாலும் வந்த வேகத்தில் போய்விடும், ராத்திரி முழுக்க நின்று அழாது என்றேன்.

"அப்பச் சரி. பெஞ்சா விடுற வரைக்கும் காத்துக் கெடப்போம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அதையே நான் அக்காவிடம் எடுத்துப் பேசினேன். தோப்பில் காய் தரம் பிரிக்கிற பெரிய தகரக் கொட்டகை இருக்கிறது. சமையலும் பந்தியும் அதற்குள்ளே நடக்கட்டும். மேடையும் சீரியல் விளக்கும் மட்டும் வெளியே. இருட்டிக்கொண்டு வந்தால் கரண்டை அணைத்துவிட்டு எல்லாரும் கொட்டகைக்குள் போய்விட வேண்டும், இடி இடிக்கும்போது ஒருத்தரும் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. நனைந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

கல்யாணத்தன்று மதியம் தோப்பில் வெயில் பல்லைக் காட்டியது. பெரியத்தான் வந்தவர்களிடமெல்லாம் மழை ஃபெயில் என்று ரிசல்ட் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாரையும் வாங்க என்று கேட்காமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெண் வீட்டில் ஒருத்தர் கொஞ்சம் ஒரு மாதிரி என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறி, நாலைந்து பேர் போட்டோ எடுத்து இறங்கியிருப்பார்கள். மலையைக் காணவில்லை. குளிர்ந்த காற்று ஒன்று மண்வாசத்தோடு வந்தது. பந்தல்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

கொட்டகைக்குள் இரண்டு குடும்பமும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வாழை இலைக் கட்டின் மேல்தான் இடம் கிடைத்தது. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று கேட்கவில்லை, அது ஒரு புண்ணியம். கைப்பேசி வெளிச்சத்தில் பந்தி நடந்தது. பெரியத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காதில் கத்தினார்.

"மாப்ள, இவன் பிட்டு அடிச்சுப் பாஸாயிட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூலையில் நின்று அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் போய்விடும் என்று சொன்னது நான். போகாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு ஆசையும் இல்லாமல் போகும். எந்தப் படத்தின் பேரையும் சொல்லாமல் சாமியைக் கும்பிட்டேன்.

இரண்டாம் பந்திக்கு ரசம் வருவதற்குள் மழை விட்டது. மேகம் கிழக்கே போய்விட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் மேடைக்கு முன்னால் குளம். எந்தப் படத்திலும் அதைக் காட்டியிருக்கவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வாளியால் இறைக்கலாம் என்றார் ஒருவர். மணல் அடிக்கலாம் என்றார் இன்னொருவர். பேசாமல் மண்டபத்துக்கே போய்விடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு பரவுவதற்குள் பெண் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்தாள். கணுக்கால் தண்ணீரில் இறங்கி, தரையின் வாட்டம் எந்தப் பக்கம் என்று செத்த நேரம் பார்த்தாள். பிறகு வரப்பில் ஓரிடத்தை ஓங்கி வெட்டிவிட்டாள். தண்ணீர் சலசலவென்று மாமரத்துப் பாத்திகளுக்குள் ஓடியது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே இறங்கி, அவள் மாலை சேற்றில் புரளாமல் பிடித்துக்கொண்டார்.

வெட்டி முடித்ததும் அவள் மம்பட்டிக் காம்பில் கையை ஊன்றி, ஒரு காலை லேசாக மடக்கி, தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் அப்படித்தான் நிற்பார். அக்கா வந்து என் கையைப் பிடித்தாள். இரண்டு வருஷமாகச் சிரிக்காதவள், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"பாருலே, அவிய வந்துட்டாவ" என்றாள்.