மழையைக் காக்க வைத்த வெள்ளையக்கா

வெள்ளையக்கா போய்விட்ட செய்தியை முத்துப்பேச்சிதான் போனில் சொன்னாள். அப்போது அருப்புக்கோட்டையில் மகன் வீட்டில் இரண்டாவது தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "டீச்சர், அக்கா காலையில போயிட்டாக. காப்பியக் குடிச்சிட்டு டம்ளரக் கீழ வச்சாகளாம், அம்புட்டுத்தான்" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். நாலு நாள் பொறுக்க இந்த மனுஷிக்கு என்ன கேடு என்று வாய்விட்டே சொன்னேன். தோசை கருகிய பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். வெள்ளையக்கா சமையல்காரர். முத்துப்பேச்சி உதவியாளர். மூன்று பேரும் பதினெட்டு வருடம் ஒரே புகையைக் குடித்தோம். அமைப்பாளர் என்பதால் நான்தான் மேலே, அவர் கீழே என்று அரசாங்கம் எழுதி வைத்திருந்தது. அந்தக் காகிதத்தை வெள்ளையக்கா ஒரு நாளும் படித்த மாதிரித் தெரியவில்லை. அவருடைய கைச்சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு வருடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ராமேசுவரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். பாம்பனில் பஸ் போகிற பாலம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அண்டா, கரண்டி, விறகோடு வெள்ளையக்காவையும் ஏற்றிப் போனார்கள். திங்கட்கிழமை வந்ததும், "கடல் எப்படியிருந்துச்சுக்கா?" என்று கேட்டேன். "யாரு பாத்தா?" என்றார். பஸ் நின்ற இடத்தில் அடுப்பு மூட்டி, காலைக்கு உப்புமா, மதியத்துக்குச் சாம்பார் சாதம், கிளம்பும் முன் காப்பி என்று அவர் பொழுது அண்டாவுக்குப் பக்கத்திலேயே போயிருக்கிறது. "சத்தம் மட்டும் கேட்டுச்சு. இந்தப் பக்கந்தான் கெடக்கும்போலன்னு நெனச்சிக்கிட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுவருடம் ஆவணி மாதத்தில் அவர் ஒரு வேலை செய்தார். வீடு வீடாகப் போய், பெண்கள் மட்டும் ஒரு வேனில் ராமேசுவரம் போய் அன்றைக்கே திரும்பலாம் என்று பதினெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டார். டிரைவரைத் தவிர வேனில் ஆண்வாடை கிடையாது. எங்கள் ஊரில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அவரவர் கட்டுச்சோறு அவரவர் கொண்டுவர வேண்டும், போகிற இடத்தில் அடுப்பு மூட்டக்கூடாது. அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான். "காலையில சாமிய முடிச்சிருவோம். மத்தியானத்துல இருந்து கடல்ல சும்மா உக்காந்திருப்போம். சும்மான்னா சும்மா. ஒரு துரும்பக் கிள்ளிப் போடக்கூடாது" என்றார்.

ஆண்கள் சம்மதித்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. அந்த வருடம் மழை இல்லை. எங்கள் ஊரைச் சுற்றி எல்லாம் செவல்காடு, செம்மண் நிலம், வானம் பார்த்த பூமி. நிலக்கடலை போட விதைப்பருப்பு உடைத்துத் தயாராக வைத்துவிட்டு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "காடு கெடக்குற கெடைக்கு வீட்டுல இருந்து என்னத்தக் கிழிக்கப் போறீக? போயிட்டு வாங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர். பொழுது அடைவதற்குள் அத்தனை பேரையும் கொண்டுவந்து விட்டுவிடுவதாக வெள்ளையக்கா ஊருக்கு வாக்குக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை, கோழி கூப்பிடும் முன்பே கிளம்பிவிட்டோம். பாம்பன் பாலத்தில் வேன் ஏறியபோது பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும்தான். வெள்ளையக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏ கோமதி, ரெண்டு பக்கமும் தண்ணிடீ" என்று என் தொடையைக் கிள்ளினார். இறங்கியதும் கடலில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரச்சேலையோடு கோயிலுக்குள் போனோம். அங்கே கிணறு கிணறாகத் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள் அல்லவா, எங்கள் பெண்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு குடத்துக்கு அரை மைல் நடக்கிறவர்கள் நாங்கள். வெள்ளையக்கா ஒரு கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எதுக்கு அம்புட்டு ஒசரத்துல இருந்து ஊத்துறீக? பாதி தரைக்கில்ல போகுது. பதனமா ஊத்துங்க" என்று இறைக்கிறவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். அந்த ஆள் இன்னொரு வாளியை வேண்டுமென்றே மேலே இருந்து ஊற்றினார். பிரகாரத்தைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்து நின்றபோது, "இதக் கூட்டி அள்ள எத்தன ஆளு வச்சிருக்காகளோ" என்று அக்கா கவலைப்பட்டார்.

எல்லாம் முடிந்து பதினோரு மணிக்கு வெளியே வந்தோம். கட்டுச்சோற்றை எடுக்க வேனுக்கு நடந்தபோது, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வருகிற பஸ் தெருவில் நின்றுகொண்டிருந்தது. முத்துப்பேச்சி நின்றுவிட்டாள். பஸ்ஸின் பக்கவாட்டில் ஜன்னல் வரைக்கும் சேறு அடித்திருந்தது. சிவப்புச் சேறு. காயாத சேறு. ஒரு பெண் விரலால் தொட்டுப் பார்த்து, "நம்ம ஊரு மண்ணுல்ல?" என்றாள். நான் ஓடிப்போய்க் கண்டக்டரைக் கேட்டேன். "விடியவும் பிடிச்ச மழை. திருச்சுழியில இருந்து நரிக்குடி தாண்டுற வரைக்கும் ரோடே தெரியல. இப்ப வெறிச்சிருக்கும்" என்றார். ராமேசுவரத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இதைப் படிக்கும் டவுன்காரர்களுக்குச் சொல்கிறேன். செவல்காட்டு ஈரம் நிற்காது. மழை விட்டு வெறித்த கொஞ்ச நேரத்தில் ஏர் பூட்டலாம், மறுநாள் மதியம் தாண்டினால் மண் காய்ந்துவிடும். அதற்குள் விதைத்தால் அந்த வருடம் பிழைத்தோம். ஆண்கள் ஏர் ஓட்டுவார்கள், சால் பிளந்துகொண்டே போகும், அந்தச் சாலுக்குள் சாண் இடைவெளியில் ஒவ்வொரு பருப்பாகப் போட்டுக்கொண்டு பெண்கள் பின்னால் போவார்கள். பருப்புப் போடுவது எங்கள் ஊரில் பெண்கள் வேலை. அந்தப் பெண்கள் பதினெட்டுப் பேரும் ஏரும் சாலும் இல்லாத ஒரு தீவில் நின்றுகொண்டிருந்தோம்.

"கெளம்புங்க, கெளம்புங்க" என்று முதலில் கத்தியது நான்தான். இப்போதே வேனை எடுத்தால் மூன்று மணிக்குக் காட்டில் இறங்கிவிடலாம். எங்கள் வீட்டுக்காரரின் கோபம் எனக்குத் தெரியும். ஒருத்தி அழவே ஆரம்பித்தாள். எல்லோரும் வேனில் ஏற ஓடியபோது வெள்ளையக்கா மட்டும் ஏறவில்லை. வேனிலிருந்து தன் தூக்குச்சட்டியை மட்டும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் வரல" என்றார்.

"என்னக்கா வெளையாடுறீக? மழை பேஞ்சிருக்கு."

"பேயட்டும்."

"வெதைக்க வேண்டாமா?"

"எனக்குக் காடு இல்லையாடி? உங்க காட்டுல ஏர் பிடிக்க ஆம்பளைக இருக்காக. எனக்கு யாரு இருக்கா?" என்றார். உண்மைதான். கணவர் இறந்து, மகளை மல்லாங்கிணற்றில் கட்டிக் கொடுத்துவிட்டு ஒன்றரை ஏக்கரைத் தனியாகக் கட்டி ஆண்டவர். ஊரார் விதைத்து முடித்த பிறகு யாராவது ஏர் தந்தால்தான் அவருக்கு விதைப்பு. ஈரம் போனால் எங்களுக்கு ஒரு பங்கு நட்டம் என்றால் அவருக்கு முழு நட்டம். அவரே தொடர்ந்து சொன்னார். "இருவது வருசமா அது கூப்பிட்ட நேரமெல்லாம் போயிருக்கேன். பிள்ளை பெத்த பச்ச உடம்போட போயிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் மழை எனக்காகக் காத்துக் கெடக்கட்டும். போறவுக போங்க, நான் பஸ்ஸுல வாரேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலைப் பார்த்து நடந்தார். முத்துப்பேச்சி அவர் பின்னாலேயே போனாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கட்டுச்சோற்றோடு இறங்கிப் போனார்கள். டிரைவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் வண்டி எடுக்கணுமாக்கா?" என்று கேட்டார்.

கரையில் போய் நின்றேன். அவர்கள் எல்லோரும் கட்டுச்சோற்றைப் பிரித்து மாற்றி மாற்றித் தின்றார்கள். தின்றுவிட்டுச் சேலையோடு கடலில் உட்கார்ந்தார்கள். அந்தக் கடலில் அலை கிடையாது, கண்மாய் மாதிரிக் கிடக்கும். வெள்ளையக்கா தண்ணீரில் காலை நீட்டிப்போட்டு, கையைப் பின்னால் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் கை சும்மா இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னை அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வீம்புக்குப் போயிருக்க மாட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானாகத்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே, "இந்நேரம் உன் புருசன் பருப்புப் போட்டுக்கிட்டு இருப்பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறியது.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். கொடுத்த வாக்குப்படி பொழுது அடையும் முன் ஊருக்குள் வேன் நுழைந்தது. எங்கள் வீட்டுக்காரர் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வாசலில் நின்றார். அவர்தான் ஏர் ஓட்டியிருக்கிறார், திரும்பி வந்து அவரே குனிந்து பருப்பும் போட்டிருக்கிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "ராமநாதசாமி சௌக்கியமா?" என்று கேட்டார். நான், "நாளைக்கு வெள்ளெனத்துல நம்ம ஏரு வெள்ளையக்கா காட்டுக்குப் போகணும்" என்றேன். "ஏன், கடல்லயே உழுதுட்டு வரலையாக்கும்?" என்றார். இருந்தாலும் விடியும் முன்னாலேயே மாட்டைப் பூட்டிவிட்டார்.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. போய்ப் பார்த்தால் முத்துப்பேச்சியும் மற்றவர்களும் மடியில் பருப்பைக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறார்கள். ராமேசுவரம் போன பதினெட்டுப் பேரில் ஒருத்தி பாக்கி இல்லை. இன்னும் இரண்டு ஏர் வந்து சேர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் ஒன்றரை ஏக்கரும் முடிந்துவிட்டது. வெள்ளையக்கா எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். கொடுத்துக்கொண்டே நாலு முறை குனிந்து, மண்ணைக் கிள்ளி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். முதல் நாள் கடற்கரையில் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்து நாளில் முளை வந்தது. ஆண்கள் பருப்புப் போட்ட காடுகளைப் பார்க்க வேண்டுமே. ஒரு இடத்தில் ஐந்தாறு செடி கும்பலாக நிற்கும், அப்புறம் ஓராள் நீளத்துக்கு மொட்டை மண். வெள்ளையக்கா காடு மட்டும் கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது. அந்த மொட்டைச் சாலுக்கு "ராமேசுவரச் சால்" என்று ஊரில் பெயர் வைத்துவிட்டார்கள். களை வெட்டும் காலம் வரைக்கும் எங்கள் வீட்டுக்காரர் காட்டுக்குச் சுற்றுவழியில் போய் வந்தார். மறுவருடம் அவராகவே, "இந்த வருசம் எப்பப் போறீக? வெதைப்புக்கு முன்னயா பின்னயா? தெரிஞ்சா தேவல" என்று கேட்டார். போகக்கூடாது என்று ஒரு ஆணும் சொல்லவில்லை. அப்புறம் திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று பல வருடம் போனோம்.

தகனத்துக்கு எடுக்கும் முன் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். முகம் தெளிவாக இருந்தது. முத்துப்பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா யாரையும் சிரமப்படுத்தாமப் போயிட்டாக டீச்சர்" என்றாள். ஆமாம், நல்ல சாவுதான். நிறைய வாழ்ந்தார், சிரித்துக்கொண்டு வாழ்ந்தார்.

அவருடைய போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் கொடுத்த பொருள் என்றும் எதுவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த மதியம்தான். என் காட்டில் மழை பெய்திருக்கிறது, விதைப்பருப்பு காத்திருக்கிறது, புருஷன் கொதித்துக்கொண்டிருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்தும், தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் எனக்கென்று அப்படி ஒரு மணி நேரம் வாய்த்ததில்லை. அதற்குப் பிறகு, வேண்டுமென்று தோன்றியபோதெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன்.