வெள்ளைக்காரக் கொடும்பாவி

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற ரோட்டில் இருந்த மிஷன் பெண்கள் பள்ளியில் அப்போது நான் தையல் டீச்சர். தலைமையாசிரியை இங்கிலாந்திலிருந்து வந்தவர். ஊருக்கே அவர் மிஸ்ஸியம்மா. வெள்ளைக்காரன் கப்பலேறிப் பத்து வருஷம் ஆகியும் அந்த அம்மாளின் பண்டிகைகள் மட்டும் எங்களோடேயே தங்கிவிட்டன.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நோன்பு நாட்கள் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவர்கள் ஊரில் பெண்கள் அப்பச் சட்டியோடு ஓட்டப்பந்தயம் ஓடுவார்களாம். இங்கே போர்டிங் பிள்ளைகளைத் தோசைக்கல்லோடு ஓடவிட்டார். இரும்புக் கல். ஒருத்தி காலில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நொண்டினாள். ஈஸ்டருக்கு முட்டைகளில் சாயம் பூசி வேலியோரம் ஒளித்துவைத்தார். பிள்ளைகள் தேடிப் போவதற்குள் கீரிப்பிள்ளை கொண்டாடிவிட்டுப் போய்விட்டது. மே மாதம் கம்பம் நட்டு ரிப்பன் பின்னி ஆடவேண்டும். மேயில் பள்ளிக்கூடம் லீவு என்பதால் அதை ஜூலையில் வைத்தார். பார்த்தால் நம்ம பின்னல் கோலாட்டம்! பிள்ளைகள் அவருக்கே தப்புத் திருத்தினார்கள். எனக்கோ எரிச்சல். இத்தனை கூத்துக்கும் துணி தைத்துச் சாகிறவள் நான்தானே.

ஒரே ஒரு பண்டிகைதான் மிஸ்ஸியம்மாவுக்கு இங்கே கைகூடவில்லை. முன்னொரு காலத்தில் ராஜாவை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த ஒருவனுக்குப் பொம்மை செய்து, நவம்பர் ஐந்தாம் தேதி பெரிய தீ மூட்டிக் கொளுத்துகிற பண்டிகை. சின்னப் பிள்ளையில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த தீயாம். அதைச் சொல்லும்போதே அவர் முகம் மாறிவிடும். இங்கே நவம்பர் என்றால் அடைமழை. வருஷா வருஷம் விறகு நனைந்துவிடும். அடுத்த மார்ச்சில் ஓய்வுபெற்று ஊருக்குப் போகிறார். இதுதான் கடைசி வாய்ப்பு.

அந்த வருஷம் பார்த்து, ஐப்பசி பாதி கடந்தும் ஒரு பொட்டு மழை இல்லை. புதூர்ப் பக்கம் எங்கப்பா பருத்தி விதையைப் போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸியம்மாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. அவர் தமிழ் கற்றது பைபிளில். "டீச்சர், இந்த வருஷம் அவன் அக்கினிக்கு இரையாவானாக!" என்றார்.

ஐந்தாம் தேதி காலை ஜெபத்தில், "ஆண்டவரே, இன்றைக்கு ஒருநாள் மாத்திரம் மழையைத் தடுத்தருளும்" என்று உருகி வேண்டினார். ஹாலில் இருந்ததெல்லாம் மழையை நம்பி வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தியாவது வாயைத் திறந்து ஆமென் சொல்லவேண்டுமே! நானும் சொல்லவில்லை. என்ன டீச்சர் உத்தியோகம் என்றாலும் எங்கப்பா விதை மண்ணுக்குள் கிடந்தது.

பொம்மை நான் செய்ததுதான். பழைய கால்சட்டை, கோட்டு, உள்ளே கம்பந்தட்டை, தலைக்குத் தொப்பி, கரியால் முறுக்கு மீசை. அதைக் கைவண்டியில் வைத்துத் தெருத்தெருவாக இழுத்துப்போய் விறகு கேட்பது அவர்கள் ஊர் வழக்கமாம். போர்டிங் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தார்கள்.

மழை இல்லாத வருஷம், தெருவில் வண்டியேறி ஒரு பொம்மை வருகிறது. கரிசக்காட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவும் வேண்டுமா? கொடும்பாவி! ஊர்ப் பாவத்தையெல்லாம் ஏற்றி, அழுது, இழுத்து, எரித்தால் மழை வரும்.

"ஏட்டி, வெள்ளைக்காரப் பாவிட்டி! இவனுக்கு வராத மழையா!" என்று ஒருத்தி கூந்தலை அவிழ்த்துவிட்டாள். அவ்வளவுதான். தெருவே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தது. வீட்டுக்கு ஒரு கட்டுப் பருத்திமார் விறகு வந்து குவிந்தது. மிஸ்ஸியம்மா என்னிடம், "எவ்வளவு உற்சாகம், டீச்சர்! எங்கள் ஊரில்கூட இப்படி இல்லை" என்றார். நான் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார், எனக்கும் மழை வேண்டியிருந்தது.

பொழுது சாயும் நேரம் பள்ளி மைதானத்தில் தீ வைத்தார். பருத்திமார் படபடவென்று பிடித்தது. பொம்மையின் காலருகே நெருப்பு வருவதற்குள் மேற்கே ஒரு உறுமல். அடுத்த நிமிஷம் கொட்டியது பாருங்கள், வானமே பொத்துக்கொண்ட மாதிரி. ஊரே குலவையிட்டது. பிள்ளைகள் சேற்றில் குதித்தார்கள். நானும் குதித்தேன், வெட்கமென்ன.

மிஸ்ஸியம்மா மட்டும் ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து பொம்மைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் முழுக்க நனைந்து, புகையில் இருமிக்கொண்டு. தீ அணைந்தே போயிற்று. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை.

மூன்று நாள் விடாத மழை. வானம் வெறித்த அன்று ஊர் நாட்டாமை தப்புக் கொட்டோடு வந்து நின்றார். "மிஸ்ஸியம்மா, பாவிய இங்கன போட்டு வச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்கு? மழை வந்தாச்சுல்லா, முறையா எரிக்கணும். ஆனா ஒண்ணு, சொந்தக்காரவிய கொள்ளி வச்சாத்தான் சரிப்படும். இந்த வட்டாரத்துல அவனுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?"

மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவரோ, "ஆக, எரிப்பது நிச்சயம்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் பண்டிகைக்கென்று கோவில்பட்டியில் வாங்கி வைத்திருந்த சரவெடி அத்தனையையும் பொம்மையின் கோட்டுப் பைகளில் திணித்தார்.

எரிப்பது சுடுகாட்டில், அங்கே பொம்பளைகள் போகக்கூடாது. கண்மாய்க் கரையிலேயே நின்றுகொண்டோம். "அவிய வெள்ளைக்காரவிய, அவியளுக்கு அதெல்லாம் கிடையாது" என்று நாட்டாமையே தீர்ப்புச் சொல்லி மிஸ்ஸியம்மாவை முன்னால் நடக்கவிட்டார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொள்ளி வைத்ததும் குபீரென்று பற்றியது. கொஞ்ச நேரத்தில் கொடும்பாவி வெடித்தான். நாட்டாமை வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, கொட்டுக்காரர்கள் தப்பைப் போட்டுவிட்டு ஓட, மிஸ்ஸியம்மா மட்டும் தீக்கு முன்னால் தனியாகக் கைதட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது மூஞ்சியெல்லாம் கரி. கரிமேல் கண்ணீர் வழிந்து கோடு கோடாக இருந்தது. "நன்றாக எரிந்தது, டீச்சர்" என்றார்.

என் பக்கத்தில் நின்றவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பாவம், எம்புட்டுப் பாவியா இருந்தாலும் அவிய ஊர்க்காரன்லா" என்று சொல்லிப் போய், மிஸ்ஸியம்மாவைக் கட்டிக்கொண்டு இன்னொரு ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.