பக்கத்து வீட்டுக் குசினியில் ஒரு சைக்கிள்

பாடசாலையில் கட்டுரை எழுதச் சொன்னால் பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்து எழுதினவள் நான். அவளுக்கும் எழுத வராது என்பதால் இருவரும் சேர்ந்தே அடி வாங்கினோம். அப்படிப்பட்டவள் புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு முன்னால் எழுத வந்திருப்பது கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேரைக் கண்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் துணிவுதான்.

யுத்த காலத்தில் நாங்கள் கிழக்கே கடலோர டவுன் ஒன்றில், ஓர்ஸ் ஹில்லில், ஒடுங்கிய ஓர் ஒழுங்கையில், பழைய ஓட்டு வீடொன்றில் குடியிருந்தோம். கணவருக்குக் கந்தளாயில் ஒரு கடையில் வேலை. பாதை திறந்திருந்தால் வருவார், மூடினால் அங்கேயே நின்றுவிடுவார். நான் வீட்டில் தையல் தைத்தேன். அதிலும் கூச்சம்தான். நாடாவை எடுத்து ஒருவரை அளக்க எனக்குக் கை வராது. பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தாருங்கள் என்று சொல்லிவிடுவேன். சட்டை பொருந்தாவிட்டால் பழைய சட்டையின்மேல் பழியைப் போடலாம் என்பது இதில் உள்ள இன்னொரு வசதி.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒழுங்கை முழுவதும் என்னிடம் துணி தந்திருந்தது. கடைகளில் நல்ல துணி வருவதே அருமையான காலம். ஒவ்வொன்றும் யாரோ கொழும்பிலிருந்து வரும்போது பையில் மடித்துக் கொண்டுவந்தது. நனைந்து சாயம் கலந்தால் அதற்குப் பதில் வாங்கிக் கொடுக்க என்னால் ஏலாது. பிறகு அந்த ஒழுங்கையில் யாரும் எனக்கு ஒரு கைக்குட்டைகூடத் தைக்கத் தரமாட்டார்கள். ஆனால் மெஷின் இருந்த அறையில்தான் கூரை ஒழுகியது. மாரி தொடங்குவதற்கு முன் அதைத் திருத்த ஆள் வேண்டும்.

ஆள் எங்கே? எங்கள் பக்கத்து மேசன்மாரும் தச்சு வேலை செய்கிற ஓடாவிமாரும் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பிடித்து வைத்திருந்தார்கள். இதில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு முறை இருந்தது. நல்ல வேலைக்காரர் அகப்பட்ட வீட்டார் அவரைப் பற்றி வெளியில் நல்லதாக ஒரு சொல் சொல்லமாட்டார்கள். யாராவது விசாரித்தால், கள்ளன், சோம்பேறி, சொன்ன நாளுக்கு வராதவன் என்பார்கள். யாரை வாயாரப் புகழ்கிறார்களோ அவர் தங்கள் வீட்டில் எதையாவது உடைத்துவிட்டுப் போனவர் என்று அர்த்தம். இந்த முறை எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விளங்காத காலத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். அக்கா தனியாக இருந்தவர், கைராசியான சமையற்காரி, கதையிலும் குறைவில்லை. ஓடு மாற்றுகிறவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, தங்கமான மனிதர், தேவாரம் பாடிக்கொண்டுதான் வேலை செய்வார் என்றார். கடலுக்கு அக்கரையில் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வருகிறாராமே என்று நான் மெல்லக் கேட்டதற்கு அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ பிள்ளை, அந்தாளை மட்டும் வளவுக்குள்ள எடுத்துப் போடாதையும். ஒரு ஓட்டைத் திருத்திப்போட்டு நாலு ஓட்டை உடைச்சு வைச்சிட்டுப் போற மனிசன். திரும்பக் கூப்பிடுவம் எண்டுதான்."

தேவாரக்காரர் வந்தார். உண்மையாகவே நல்ல குரல். கூரையில் ஏறி, ஓட்டைத் தாங்குகிற சலாகை எங்கே ஓடுகிறது என்று பாராமல் ஓட்டின் நடுவயிற்றில் மிதித்து நடந்து, ஒவ்வொரு பதிகம் முடியும்போதும் ஓர் ஓட்டை உடைத்தார். இறங்கும்போது ஓரிடத்தில் ஒழுகிய கூரை பல இடத்தில் வானத்தைக் காட்டியது. நாளைக்கு வந்து முகட்டுக்குச் சிமெந்து பூசுகிறேன் என்று சொல்லிப் போனவரை இன்றுவரை காணவில்லை. நான் ஓட்டைகளின்மேல் பொலித்தீனை விரித்துக் கல்லு வைத்தேன். துணிகளைப் பெட்டியில் போட்டுப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அதே கிழமை அக்காவின் வீட்டில் டொக் டொக் என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. வேலியடியில் நின்று என்ன சத்தம் என்று கேட்டேன். தேங்காய் விழுகிறது என்றார். அக்காவின் வளவில் தென்னை இல்லை. பக்கத்து வளவிலும் இல்லை. எனக்கு எதிர்த்துக் கதைக்க வராது, ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று பகல் முழுவதும் ஒரே சீராகத் தேங்காய் விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நின்றது. அப்போது அக்காவின் குசினியிலிருந்து சுறா வறை வாசம் வந்தது.

இரண்டொரு நாளில், காலையில், சுற்றிவளைப்பு. எல்லோரும் அடையாள அட்டையோடு றோட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஆமிக்காரர் வந்தார்கள். ஒழுங்கை முழுவதும் மதில் ஓரமாக வரிசையில் நின்றோம். அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அக்காவுக்குப் பக்கத்தில், முழங்கைவரை சிமெந்தோடு, உயரமான ஒரு மனிதர் வந்து நின்றார். கிண்ணியாக்காரர். ஒழுங்கைப் பெண்களின் தலை ஒவ்வொன்றாகத் திரும்பியது. அக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு போயிருந்தால் அக்காவின் மானம் மட்டும்தான் போயிருக்கும். வீட்டைச் சோதித்த ஆமிக்காரன் ஒருவன் குசினிக்குள் இருந்து சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். அதன்மேல் சாக்கு மூடியிருந்தது. அந்த நாளில் ஒளித்து வைத்த சைக்கிள் என்றால் குண்டு என்றுதான் நினைப்பார்கள், அது விளையாட்டு அல்ல. பெரியவர் மாதிரி இருந்த அதிகாரி வந்தார். அவருக்கு ஓரளவு தமிழ் தெரியும். சைக்கிள் யாருடையது என்று கேட்டு, கிண்ணியாக்காரரின் அட்டையை வாங்கிப் பார்த்தார். விலாசம் கிண்ணியா. இங்கே என்ன வேலை, சைக்கிளை ஏன் மறைத்து வைத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது சேர், அவங்கதான் உள்ளுக்கு வைக்கச் சொன்னவங்க என்று கிண்ணியாக்காரர் அக்காவைக் காட்டினார். இரண்டு பேர் வந்து அவருடைய கையைப் பிடித்தார்கள். ஏற்றிக்கொண்டு போகத் தயாராக லொறி நின்றது.

அக்கா ஓரடி முன்னால் வந்தார். பிறகு ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஐயா, இவர் நேர்மையான மனிசன். ஒரு ஆணியைக்கூடத் தொடமாட்டார். ஏழு வருசமா எங்கட வீட்டில வேலை செய்யிறவர். சைக்கிளைக் கண்டா இந்த ஒழுங்கையில உள்ளவை இவரைக் கொத்திக்கொண்டு போயிடுவினம் எண்டு நான்தான் ஒளிச்சனான்."

யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. ஆனால் வரிசையில் பல பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு நல்ல வேலைக்காரர் என்றால் வேறு யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே, வேறு யார் வீட்டில் வேலை செய்தவர் என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். அறியாத ஆளுக்குப் பொறுப்பு நிற்பது அப்போது லேசான காரியம் இல்லை. அக்கா ஏழு வருடமாக அவரைக் கள்ளன் என்று சொன்னது வேறு எல்லோருடைய காதிலும் இருந்தது. அவருடைய கையைப் பிடித்தவர்கள் இழுக்கத் தொடங்கினார்கள்.

"எங்கட வீட்டிலயும் வேலை செய்யிறவர்."

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். சொன்னது நான்தான்.

எந்த வீடு என்று அதிகாரி கேட்டார். விரலை நீட்டிக் காட்டினேன். அதிகாரி நடந்து போய் எங்கள் கூரையை நிமிர்ந்து பார்த்தார். உடைந்த ஓடுகள், காற்றில் பறக்கிற பொலித்தீன், கல்லு. நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, இது நீ செய்த வேலையா என்று கிண்ணியாக்காரரைக் கேட்டார்.

அவர் அப்போதுதான் கூரையைப் பார்த்தார். தன் பிள்ளையை யாரோ அடித்ததைக் கண்டவர் மாதிரி முகம் போயிற்று. இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது, கண்டேன். பிறகு லொறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி கொஞ்சமும் இல்லை.

"ஓம் சேர்," என்றார். "இன்னும் முடியல்ல."

அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆமிக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். கையை விட்டுவிட்டார்கள். மழைக்கு முன்னால் முடித்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

லொறியின் சத்தம் அடங்கியதும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருக்குக் கிணற்றுக் கட்டு, ஒருவருக்குக் கதவு நிலை. அவர் அவர்களை விலக்கிக்கொண்டு நேரே எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எனக்கு உள்ளே ஓடிவிடலாம் போல இருந்தது.

"எந்தக் கழுத ஏறினது புள்ள இதில?"

தேவாரக்காரரின் பெயரைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "இருபது வருசமா இந்த டவுனில என்ட கையைப் பத்தி ஒருத்தன் ஒரு குறை சொல்லல்ல. இண்டைக்கு ஆமிட முன்னால இது என்ட வேலையெண்டு ஒப்புக்கொண்டு நிக்கிறன். இதை இப்பிடியே விட்டுட்டு நான் பாதையில ஏறி ஊருக்குப் போக ஏலுமா?" கடலைக் கடக்கிற மிதவையைத்தான் அவர்கள் பாதை என்பார்கள்.

"ஏலாது நானா," என்றேன், அண்ணனை அவர்கள் அழைக்கும் முறையில். அந்நிய ஆணொருவருக்கு நான் சொன்ன மிக நீளமான பதில் அந்த நாள்வரைக்கும் அதுதான்.

அவர் ஏறினார். பாட்டு இல்லை, ஏச்சு மட்டும். ஓடு ஓடாகக் கழற்றி, உக்கிய சலாகையை மாற்றி, கீழே நின்ற என்னிடம் உடைந்த ஓட்டை நீட்டி, பாருங்க இதை, பாருங்க இதை என்று காட்டினார். நானும் என்னவோ விளங்கினவள் மாதிரித் தலையை ஆட்டினேன். மதியம் அக்கா வேலிக்கு வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன்.

"பிள்ளை, வேலை உமக்குச் செய்யட்டும். பகல் சாப்பாடு என்ட வீட்டிலதான். அதில கை வைக்காதையும்."

நான் சம்மதித்தேன். என் சமையலை உண்டால் அவர் கூரையை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் எனக்கும் இருந்தது. பின்னேரம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசிப் பாதைக்கு நேரமாகிறது என்று சொல்லியும் முகட்டுக்குச் சிமெந்து பூசிவிட்டுத்தான் இறங்கினார். கையைக் கழுவி, றோட்டில் நின்று, கூரையை அதிகாரி பார்த்த இடத்தில் இருந்து ஒருமுறை பார்த்தார்.

"இனி யாரும் கேட்டா, என்ட வேலையெண்டு சொல்லுங்க," என்று சைக்கிளில் ஏறினார்.

அடுத்த நாள் விடியற்காலை மழை பெய்தது. மெஷின் அறையில் ஒழுகவில்லை. துணிப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்து, முதலில் அக்காவின் சட்டைத் துணியை வெட்டினேன்.