நேரத்துக்கு முன் ஊதிய சங்கு

பாலக்காட்டில் நான் வானிலையியல் நடத்தும் கல்லூரியில் இன்று பேரிடர் ஒத்திகை. பாடத்தின் நடுவே சைரன் ஊதியதும், போர்டில் எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பீர்மேட்டில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அதற்குப் பெயர் சங்கு. ஊதினால் வேலைக்கு மலையேற வேண்டும். எங்களுக்கு வேறு அர்த்தமே தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில், மழை விடாத ஒரு மதியம், அது நேரத்துக்கு முன்பே ஊதியது. அம்மா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

“இன்னும் நேரம் ஆகலையேம்மா?”

“ஊதிட்டாங்கல்லடி. லேட்டாப் போனா கூலிக்குப் பேரு போட மாட்டாங்க.”

பிளாஸ்டிக் ஷீட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எங்கள் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களோடு ஏறிப் போனாள். மேலே மண் சரிகிறது, யாரும் ஏற வேண்டாம் என்று எச்சரிக்க ஊதிய சங்கு அது. தட்டை மூடிவைத்துவிட்டு இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வரவில்லை.

“டீச்சர், கீழ எறங்கோணுங்க.” என்.சி.சி. உடுப்பில் இருந்த மாணவி என் கையைப் பிடித்தாள். வகுப்பு காலியாகியிருந்தது.

“எதுக்கு ஊதறாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க டீச்சர். நேத்தே எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டாங்களே.”