ஆயுத பூஜைக்கு என் நாத்தனாராக வந்த ஸ்டெல்லா அக்கா

செவ்வாய்க்கிழமை சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, கம்பெனியில் எங்கள் லைனில் தைத்த தேவகி போன் செய்தாள். "அக்கா, ஸ்டெல்லாக்கா போய்ட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான்." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வேலையை விட்டு நிறுத்தியது செல்லாது என்று அவர் போட்ட வழக்கு வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு இன்னும் நடக்கிறது. அதற்குள் என்ன அவசரம் இந்த அக்காவுக்கு?

தாம்பரத்துச் சட்டைக் கம்பெனியில் எங்களோடு தைத்த உங்களுக்கு அந்த டோக்கன் மறந்திருக்காது. கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரே டோக்கன். போனவள் வரும்வரை அடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அக்கா சங்கம் ஆரம்பித்தார். கம்பெனிக்காரர்கள் ஒழுங்கீனம் என்று எழுதி அவரை வெளியே அனுப்பினார்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒழுங்கு, வாயைத் திறந்தால் ஒழுங்கீனமாம்!

அதன்பிறகு கேட்டைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் ஆயுத பூஜையன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள் அல்லவா? ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அக்கா, நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் நாத்தனாராக வந்துவிட்டார். பொரிப் பொட்டலத்தோடு ஒவ்வொரு மெஷினாக நின்று, சங்கத்தில் சேரச் சொல்லிப் பேசினார். புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர், "யாரும்மா நீங்க?" என்றார். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன்.

"இவ நாத்தனார்பா. வூட்லதான் ஒயுங்கா வேலை செய்ய மாட்டா, இங்கயாவது செய்றாளான்னு பாக்க வந்தேன். இந்தா, பொரி துன்னு."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றார். நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். "மாட்டினா என் வேலையும் போயிடும்க்கா!"

"போனா இன்னாடி? நான் இல்லாம நீ மட்டும் உள்ள இன்னா பண்ணப் போற?"

அடுத்த வாரம் மூன்று லைன்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஒன்றாக எழுந்து நின்றன. டோக்கன் ஒழிந்தது. அக்காவை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. வழக்கோ, ஒரு நாள் கம்பெனி வக்கீல் வரமாட்டார், ஒரு நாள் நீதிபதி மாறியிருப்பார். "மாறட்டும்டி, நான் அதே ஆளுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா டீ குடிப்பார்.

அடக்கத்தன்று கம்பெனி ஆபீசர் ஒருவர் பெரிய மாலையோடு வந்தார். "சார், மாலை கெடக்கட்டும். லைன்ல இருக்கற பொண்ணுங்கள ஒரு மணி நேரம் விடுங்க" என்றாள் தேவகி. "ஷிப்மென்ட் இருக்கும்மா" என்றார். எப்போதுதான் இல்லை? ஷிப்ட் முடிந்து அவர்கள் வரும்வரை நாங்கள் பெட்டியை மூட விடவில்லை.

அக்காவின் தங்கை வழக்கைத் தொடரலாம் என்கிறார் வக்கீல். தனியாகப் போக அவளுக்குப் பயம், நானும் கூடப் போகிறேன். கல்லூரியில் படிக்கிற என் பேத்தி கெட்டிக்காரி, கேட்கிறாள்: "செத்தவங்கள எப்படி ஆயா திரும்ப வேலைக்கு எடுப்பாங்க?"

எடுக்க வேண்டாம். அக்கா எனக்கு விட்டுப்போனது கோர்ட்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடம். அக்காவை நிறுத்தியது தப்பு என்று நீதிபதி சொல்லிக் கேட்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்.